மலையிலிருந்து இறங்கி வரும் அமுது

பழனியாண்டவர் சந்நிதியில் தரிசனம் முடித்து வெளிப்பிராகாரத்துக்கு வரும் அன்பர்கள், சற்றே தெற்கு நோக்கி நிற்பது வழக்கம். ஏறி வந்த 693 படிகளின் களைப்பு நீங்கக் காற்று வாங்குவதற்காக இருக்கலாம். அவ்வாறு நிற்பவர்களின் கண்ணெதிரே நீலச் சுவர் போல் நெடுந்தொலைவுக்கு விரிந்து கிடக்கிறது பழனி மலைத்தொடர். கையில் பஞ்சாமிர்தம்; கண்ணில் மலை. இரண்டுக்கும் உள்ள உறவை அந்நேரத்தில் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உள்ளங்கையில் இருக்கும் அந்த அமுதின் உயிர்நாடியான வாழைப்பழம், காலங்காலமாக அந்த மலையிலிருந்தே இறங்கி வந்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் கிளையே பழனி மலைத்தொடர். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். தெற்கு வடக்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் முதல் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரை உயர்ந்த பகுதியைக் கீழ்ப்பழனி மலை என்றும், கோடைக்கானலை உள்ளடக்கிய, இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பகுதியை மேல்பழனி மலை என்றும் அழைக்கின்றனர். சுற்றுலா செல்வோர் மேல்மலையை மட்டுமே அறிவர். ஏரியைச் சுற்றிப் படகு, தூண்பாறை, மிட்டாய்க் கடைகளில் சாக்லேட் என்று இரண்டு நாள்களில் திரும்பிவிடுவர். ஆண்டவனின் அபிஷேகப் பொருள்களைத் தேடிச் செல்பவர்கள் கீழ்மலையில்தான் முதலில் கால் வைக்க வேண்டும்.

தாண்டிக் குதித்த இடம்

வத்தலக்குண்டிலிருந்தும், பட்டிவீரன்பட்டி வழியாகப் பெரும்பாறையைக் கடந்தும் மலைப்பாதைகள் மேலேறுகின்றன. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். அப்பாதைகள் சென்று சேரும் ஊர்களில் ஒன்று தாண்டிக்குடி. இங்கே பாலமுருகன் எழுந்தருளியிருக்கிறார். கனிக்காகக் கோபித்துப் புறப்பட்ட குமரன் இம்மலையில் சற்றே நின்று, இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குச் சென்றான் என்றும், அதனால் 'தாண்டிக்குதி' என்று பெயர் பெற்ற இத்தலம் பின்னாளில் தாண்டிக்குடி ஆயிற்று என்றும் தல வரலாறு சொல்கிறது. கோயில் நிற்கும் குன்றிலிருந்து பார்த்தால், சுற்றிலும் தோட்டங்கள். தோட்டங்களுக்கு அப்பால் மேகம்.

இவ்வூரின் பழைமை புராணத்தோடு நின்றுவிடவில்லை. தாண்டிக்குடியைச் சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட கற்திட்டைகள் உள்ளன. பெருங்கற்கால மக்கள் தம் முன்னோருக்கு எழுப்பிய நினைவிடங்கள் அவை. தொல்லியல் அறிஞர் கா. ராஜன் தலைமையில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. பாண்டிய நாட்டையும் கொங்கு நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த பழைய வணிகப் பாதை ஒன்றில் தாண்டிக்குடி இருந்திருக்க வேண்டும் எனவும், மிளகு முதலான மலைபடு பொருள்கள் இவ்வழியே சென்றிருக்க வேண்டும் எனவும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆக, இம்மலையின் விளைபொருள் கீழே இறங்கிச் செல்வது நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று.

மலையின் மறுபுறத்து அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தல் என்னும் சிற்றூரிலும் அதே அறிஞர் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தார். கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றைச் செய்த தொழிற்கூடத்தின் தடயமும் கிடைத்தது. ஈமக்குழி ஒன்றில் ஒரு ஜாடி நிறைய நெல்மணிகள் இருந்தன. அவற்றைக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 490 என்ற விடை வந்தது. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்பர். கைவினை என்ற சொல்லுக்குப் பழனி மலைச் சாரலில் அத்தனை நீண்ட முன்கதை உண்டு.

மலைவாழை என்னும் தவக்கனி

கீழ்ப்பழனி மலைத் தோட்டத்துக்குள் நுழைபவருக்கு முதலில் ஒரு வியப்பு காத்திருக்கும். சமவெளியில் வாழைத்தோட்டம் என்றால் வாழை மட்டுமே. இங்கோ அது ஒரு கூட்டுக் குடும்பம். உச்சியில் சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை போன்ற நிழல் மரங்கள். அம்மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் மிளகுக்கொடி. நடுவே வாழை, ஆரஞ்சு. கீழே தோளுயரத்தில் காபிச் செடிகள். ஒன்றின் நிழலில் ஒன்று, ஒன்றின் சருகில் மற்றொன்று வளர்கிறது. பெரும்பாலும் வானம் தரும் மழையே நீர்.

இங்கு விளையும் வாழைக்கு விருப்பாச்சி என்று பெயர்; சிறுமலை வாழை அதன் நெருங்கிய உறவு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த, மலையடிவார ஊரின் பெயரே பழத்துக்கும் வந்தது. (வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவரும், 1801-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டவருமான கோபால் நாயக்கரின் விருப்பாச்சிப் பாளையம் இதுவே. பஞ்சாமிர்தம் சுவைக்கும்போது அந்த வீரரையும் நினைப்பதில் தவறில்லை.) சமவெளி வாழை ஓராண்டுக்குள் குலை தள்ளி அறுவடைக்கு வந்துவிடும். மலைவாழை அவசரப்படுவதில்லை. குளிரில் மெல்ல வளர்ந்து, மெல்லக் காய்த்து, மெல்ல முதிர்கிறது. அதனால்தானோ என்னவோ, சதைப்பற்றில் நீர் குறைவு. இனிப்பும் மணமும் மிகுதி. பழுத்தபின் தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கனி கெடுவதில்லை. விவரம் அறியாதவர் அழுகல் என்று ஒதுக்குவர். விவரம் அறிந்தவர் அந்தக் கறுத்த பழத்தைத்தான் கேட்டு வாங்குவர்.

நீர் குறைவு என்ற அந்த ஒரு குணத்தில்தான் பஞ்சாமிர்தத்தின் ரகசியம் அடங்கியிருக்கிறது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசுநெய், ஏலக்காய் ஆகியன சேர, பேரீச்சையும் கற்கண்டும் இடப்பட்டுப் பிசையப்படும் இப்பிரசாதத்தில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவதுமில்லை. கெடாமல் காக்கும் செயற்கைப் பொருளும் கிடையாது. ஆயினும் வாரக்கணக்கில் கெடாதிருக்கிறது. பழத்தில் நீர் குறைந்து, சர்க்கரையும் தேனும் மிகுந்திருக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர வழியில்லை என்பது அறிவியல் தரும் விளக்கம். போகர் வகுத்த நவபாஷாணத் திருமேனியில் பட்டு வழிவதால் அதற்கு மருந்தின் ஆற்றலும் சேர்கிறது என்பது அன்பர்களின் நம்பிக்கை. சாதாரண நீர்ப்பிடிப்பான வாழைப்பழத்தில் வீட்டில் பஞ்சாமிர்தம் செய்து பார்த்த தாய்மார்களுக்கு, மறுநாளே அது புளித்துப் போனதன் காரணம் இப்போது விளங்கும்.

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடி சுமந்து வரும் பர்வதராஜகுலத்து அன்பர்கள், பழனியிலேயே தங்கித் தம் கையாலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, ஆண்டவனுக்குப் படைத்து, ஊருக்கு எடுத்துச் சென்று பகிர்கிறார்கள். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆலயத்தில் இன்று இயந்திரங்கள் பிசைகின்றன. தலைமுறைகளாக வரும் அந்தக் கூட்டத்திலோ இன்றும் கைகளே பிசைகின்றன.

விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் இரண்டும் 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் அதே சிறப்பைப் பெற்றது. தமிழகத் திருக்கோயில் பிரசாதங்களில் இந்தக் குறியீட்டைப் பெற்ற முதல் பிரசாதம் அதுவே.

குலை தள்ளாத வாழை

இத்தனை பெருமைகளும் பேசப்படும் வேளையில், மலைத்தோட்டக்காரரின் நெஞ்சில் ஒரு முள் தைத்திருக்கிறது. 1970-களில் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் மலைவாழை இருந்தது. பின்னர் அது சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிப்போனது. பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டது என்று பொருள்.

காரணம், முடிக்கொத்து நோய். கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரி ஒன்றை, இலைக்காம்பின் இடுக்கில் வாழும் சிறு அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குச் சுமந்து செல்கிறது. நோய் கண்ட வாழையின் காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றும். அடுத்து வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றுவிடும். மரம் சாவதில்லை, ஆனால் குலை தள்ளுவதும் இல்லை. அதன் அடியிலிருந்து எடுக்கும் கன்றுக்கும் நோய் தொடரும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அழிப்பதொன்றே வழி. பாட்டன் நட்டு, தந்தை வளர்த்த தாய்மரத்தை ஒரு விவசாயி தன் கையால் வெட்டிச் சாய்க்க வேண்டும். செய்யாமல் விட்டால் பக்கத்துத் தோட்டமும் போகும். மனம் வராமல் விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிதன்று.

பிஜித் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்தில் நுழைந்து, பின்னர் இம்மலைகளையும் பற்றிக்கொண்டது. வாழை போனதோடு துயரம் முடியவில்லை. ஆரஞ்சு மரங்களும் நோயுற்று நலிந்தன. கூட்டுக் குடும்பத்தில் இருவர் போய்விட, மீதியிருந்த காபியின் தலையில் குடும்பப் பாரம் முழுதும் விழுந்தது.

கைவிட்டு அமர்ந்துவிடவில்லை மலை. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நோயற்ற தாய்மரத்தைத் தேர்ந்து, நச்சுயிரி இல்லை என்று சோதித்தறிந்து, அதன் திசுவிலிருந்து ஆய்வுக்கூடத்தில் கன்றுகளை உருவாக்கும் பணியில் பல்கலைக்கழகமும் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் ஈடுபட்டன. அக்கன்றுகள் மலையேறி மீண்டும் காபிச் செடிகளின் நடுவே வேர்விட்டன. எனினும் அசுவினி இன்னும் மலையை விட்டுப் போகவில்லை. நோய் கண்ட ஒரு மரத்தை ஒருவர் காப்பாற்ற நினைத்தாலும் பத்துப் பேரின் உழைப்பு வீணாகும். ஊரே ஒன்றுபட்டுச் செய்ய வேண்டிய காரியம் அது, தேர் இழுப்பது போல.

வெள்ளைப் பூவும் சிவந்த பழமும்

காபியின் கதை முதிய வாசகர்களுக்கு நெருக்கமானது. ஏகாதசி உபவாசத்தில் காபி சேருமா, சேராதா என்ற வழக்கு எத்தனையோ இல்லங்களில் இன்னும் தீர்ப்பாகவில்லை! யெமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து 17-ஆம் நூற்றாண்டில் கர்நாடக மலையில் விதைத்தவர் பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியவர் என்பது மரபு. பழனி மலைக்குக் காபி தோட்டப்பயிராக வந்தது 19-ஆம் நூற்றாண்டில். இன்று தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பெரும்பாறை, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை எனப் பல ஊர்களிலும் அரபிக்கா வகைக் காபியே முதன்மை.

மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடை மழையைத் தோட்டக்காரர்கள் பூமழை என்பர். அம்மழை பெய்து பத்து நாள்களுக்குள், ஒரே இரவில் சொல்லிவைத்தாற்போல் மலைச்சரிவு முழுதும் வெள்ளைப் பூக்கள் மலரும். மணம் மல்லிகையை நினைவூட்டும். இரண்டு மூன்று நாள்களில் பூ உதிர்ந்துவிடும். பூமழை தவறினால் அவ்வாண்டு விளைச்சலும் தவறும். பூ காயாகிப் பழமாக எட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. கார்த்திகை பிறந்ததும் பறிப்பு தொடங்கித் தை, மாசி வரை நீளும். ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்க, பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் விரலால் திருகி எடுத்து மடிப்பையில் இடுவார்கள். பச்சைக்காய் ஒன்று கலந்தாலும் கஷாயத்தில் துவர்ப்பு ஏறும். ஆதலால் ஒரு செடிக்கே பலமுறை திரும்பத் திரும்பப் போக வேண்டும். சரிவில் நின்றபடி, அட்டைக்கடியோடு செய்யும் வேலை அது.

காபித்தூள் கடையில் 'பிளாண்டேஷன் ஏ, பீபெரி, சரிபாதி' என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லி வாங்குவோரில் பலர் அச்சொற்களின் பொருளைக் கேட்டிருக்கமாட்டார்கள். பறித்த அன்றே பழத்தின் தோலை இயந்திரத்தில் நீக்கி, வழவழப்பு போகும்வரை தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தி எடுக்கும் அரபிக்காக் கொட்டையே பிளாண்டேஷன். பழத்தைத் தோலோடு அப்படியே வெயிலில் காயவைத்துப் பிறகு உடைத்தெடுத்தால் அது செர்ரி. முன்னதில் மணம் தெளிவு. பின்னதில் கனம் மிகுதி. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகம் பார்த்துத் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக, முத்துப் போல் விளையும், அதுதான் பீபெரி. சிக்கரி என்பதோ காபியே அன்று. வேறொரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. கஷாயத்துக்குக் கருநிறமும் கெட்டியும் தரும், விலையும் குறையும். காபி-சிக்கரிக் கலவைத் தூளில் குறைந்தது 51 விழுக்காடு காபி இருக்க வேண்டும், அளவைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி, மலைக்காபி வந்து சேர்ந்து பதப்படும் ஊர். உலர்ந்த கொட்டையின் மேலுறை நீங்கி, தரம் பிரிந்து, மூட்டையாகி வெளியூர் செல்கிறது. ஆயினும் தாண்டிக்குடியின் சிறு தேநீர்க்கடையில், அவ்வூர்க் கொட்டையையே வறுத்து அரைத்து வடித்த காபி கிடைத்தால், அதைச் சர்க்கரை குறைத்துப் பருகிப் பார்க்க வேண்டும். மிளகும் ஆரஞ்சும் வளர்ந்த மண்ணில் விளைந்தது என்பதை நாக்கே சொல்லும்.

பளியர் மலைத்தேன்

பஞ்சாமிர்தத்தின் ஐந்தில் தேனுக்கும் இம்மலைக்கும் நெடுநாள் தொடர்பு. பழனி மலையின் தொல்குடிகளான பளியர், தேன் எடுப்பதில் வல்லவர். செங்குத்துப் பாறையில் கட்டும் பெருந்தேனீயின் மலைத்தேன், கிளையில் கட்டும் கொம்புத்தேன், மரப்பொந்தில் கிடைக்கும் பொந்துத்தேன், சின்னஞ்சிறு கொட்டாத தேனீ சேர்க்கும் கொசுத்தேன் என வகை பிரித்து அறிவர். பாறைத்தேன் எடுக்கக் காட்டுக்கொடியால் கயிறு திரித்து, புகை மூட்டி, இருளில் இறங்குவர். புறப்படுமுன் தங்கள் தெய்வமான பளிச்சியம்மனை வேண்டிக்கொள்வர். குறமகள் வள்ளியைக் கைப்பிடித்த பெருமானுக்குத் தேனும் தினையும் உவப்பானவை என்று பாடும் நம் மரபு, இத்தகைய மலைமக்களின் அடுக்களையிலிருந்தே எழுந்திருக்க வேண்டும். அவர்களிடமிருந்து வாங்கும் தேனுக்குப் பேரம் பேசுபவர், அந்தக் கொடிக்கயிற்றை ஒருகணம் எண்ணினால் போதும்.

பூம்பாறையும் பூண்டும்

மேல்மலைக்கு ஏறினால் உணவே மாறிவிடுகிறது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி. பருவத்தில் பேரிக்காய், பிளம்ஸ். வேலியோரத்தில் தாட்பூட் பழம், மரத்தக்காளி. வெண்ணெய்ப்பழம் என்னும் அவகேடோ, ஒருகாலத்தில் கேட்பாரற்றுத் தோட்டத்து நிழல் மரமாக நின்றது. இப்போது நகரத்து மருத்துவர்கள் பரிந்துரைக்கத் தொடங்கியபின் அதற்கு வந்த மவுசே வேறு.

கோடைக்கானலுக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் பூம்பாறை. படிப்படியாக வெட்டிய வயல்கள் நடுவே ஓர் ஊர். ஊருக்கு நடுவே குழந்தை வேலப்பர் திருக்கோயில். மூலவரின் திருமேனி போகரால் உருவானது என்பது இங்குள்ள நம்பிக்கை. அருணகிரிநாதர் இத்தலத்துக்கு வந்து இரவில் துயின்றபோது அரக்கி ஒருத்தி அவரைக் கொல்ல நெருங்கினாளாம். முருகன் குழந்தையாக வந்து அவர்மேல் படுத்துக்கொள்ள, காவி உடையைக் கண்ட அரக்கி, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணி விலகிப் போனாள் என்பது தல வரலாறு. கொல்ல வந்தவளுக்கும் தாய்மையைக் கண்டால் கை எழவில்லை என்பதே அக்கதையின் அழகு.

அந்தக் கோயிலைச் சுற்றிய வயல்களில் விளைவதோ பூண்டு! விரத நாளில் அடுக்களைக்குள் அனுமதிக்கப்படாத பொருள், வேலவன் வாசலிலேயே விளைந்து ஊரை வாழவைக்கிறது. பூம்பாறை, பூண்டி, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி ஆகிய ஊர்களின் மலைப்பூண்டு காரமும் மணமும் மிக்கது. நெடுநாள் இருந்தாலும் சுருங்குவதில்லை. கோடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முயற்சியோடு 2019-இல் இதுவும் புவிசார் குறியீடு பெற்றது. சமவெளிச் சந்தையில் வேறு பூண்டை மலைப்பூண்டு என்று விற்பவர்கள் உண்டு என்பதால், ஊரிலேயே வாங்குவது உத்தமம்.

இன்னும் மேற்கே மன்னவனூரில் மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. மென்மையான கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகள் புல்வெளிகளில் மேய்கின்றன. பழனியின் பழம்பெயர் பொதினி. அதன் தலைவன் பேகன், குளிரில் மயில் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பதைச் சிறுவயதில் படிக்காதவர் இல்லை. கோடைக்கானல் கடைத்தெருவில் கம்பளிக் குல்லாயும் சால்வையும் விற்கும் பெண்மணிகளைப் பார்க்கும்போது அந்த வள்ளல் நினைவுக்கு வருவது இயல்பே. அவற்றுள் வடநாட்டு ஆலைகளிலிருந்து வருவன பல. உள்ளூர்ப் பெண்களின் கைப்பின்னல் சில. கேட்டு வாங்கலாம். யூகலிப்டஸ் தைலம் வாங்குவோருக்கும் இது பொருந்தும். சாலையோரப் புட்டிகள் எல்லாவற்றையும் நம்பிவிடலாகாது. காய்ச்சி வடிக்கும் இடத்திலோ நம்பிக்கையான கூட்டுறவுக் கடையிலோ வாங்குவது நலம்.

ஈழத்தம்மையார் எழுப்பிய கோயில்

கோடைக்கானல் ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் குறிஞ்சியாண்டவர் திருக்கோயில். இதனை 1936-இல் எழுப்பியவர் லீலாவதி அம்மையார். பிறப்பால் மேற்கத்தியர், இலங்கைத் தமிழர் தலைவரும் சைவப் பெரியாருமான சர் பொன்னம்பலம் இராமநாதனின் மாணவியாகி, சைவ நெறியைத் தழுவி, பின்னர் அவருக்கே துணைவியானவர். 1930-இல் கணவர் மறைந்தார். அதன்பின் ஆறாண்டுகளில் குறிஞ்சி நிலத்துக் கடவுளுக்கு இக்குளிர்மலையில் அம்மையார் ஆலயம் அமைத்தார். இன்று அது பழனித் திருக்கோயிலின் நிர்வாகத்தில் உள்ளது. வானம் தெளிந்த நாளில் இங்கிருந்து வடக்கே பழனியும் தெற்கே வைகை அணையும் தெரியும்.

ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1869-இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் இலங்கை தன் காபித் தோட்டங்களையெல்லாம் இழந்து தேயிலைக்கு மாறியது. பழனி மலை, இலங்கை வழியே வந்த மற்றொரு நோயால் தன் வாழையை இழந்தது. அதே கடலைக் கடந்துதான் இந்தக் கோயிலும் வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி, 2006-இலும் 2018-இலும் இச்சரிவுகளில் பூத்தது. அடுத்த முறை 2030. யூகலிப்டஸும் சவுக்கைப் போன்ற அயல் மரங்களும் புல்வெளிகளை மூடிவிட்டதால் குறிஞ்சிக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

புறப்படும் அன்பர்களுக்கு

பழனியிலிருந்து கோடைக்கானல் செல்லும் மலைப்பாதை ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்கிறது. தாண்டிக்குடிக்கு வத்தலக்குண்டிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பேருந்துகள் உண்டு. வயதில் மூத்தவர்கள் காலையில் புறப்பட்டு, வளைவுகளில் தலைசுற்றல் வராதிருக்க வயிற்றை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு செல்வது நல்லது. கையில் ஓர் எலுமிச்சையும் இருக்கட்டும். மழைக்காலத்தில் மண்சரிவு நேர்வதுண்டு. விசாரித்தபின் கிளம்ப வேண்டும். மாலை மங்கியபின் காட்டுமாடுகள் சாலைக்கும் தெருவுக்கும் வரும். அருகே போகாமல் விலகி நிற்க வேண்டும்.

இறங்கும் வழியில், ஊர் ஓரங்களில் மலைவாழைச் சீப்புகள் தொங்கும். தோல் பச்சையும் மஞ்சளுமாக இருப்பதை வாங்கி வீட்டில் மூன்று நான்கு நாள் வைத்து, புள்ளி விழுந்து கறுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையை முதலில் பழத்தோடு கையாலேயே பிசைந்து, கட்டியில்லாமல் கரைந்தபின் பேரீச்சையும் கற்கண்டும், பிறகு தேனும் நெய்யும், கடைசியாக ஏலப்பொடியும் சேர்க்க வேண்டும். பாத்திரம், கை இரண்டிலும் ஈரம் கூடாது.